ஐஸ் சாப்பிட்ட இரண்டு பேய்கள்

இபுகியின் அப்பா குராடாவைத் தெருவில் பார்ப்பவர்கள் அவரை மல்யுத்த வீரர் என்றுதான் நினைப்பார்கள். ஆள் அவ்வளவு பெரியவர். முகம் நிறையத் தாடி வேறு. அவர் நடந்து வந்தால் தெரு நாய்கூட எழுந்து வழிவிடும்.

அப்படிப்பட்டவர் வீட்டில் உட்கார்ந்து என்ன வரைகிறார் தெரியுமா? உயர்நிலைப் பள்ளியில் நடக்கும் ஒரு காதல் படக்கதை!

"ஐயே, காதலா! பேஸ்பால் கதை வரையக் கூடாதா அப்பா?" என்று இபுகி மூக்கைச் சுளிப்பாள். அவளுக்குப் பத்து வயது. காதல் என்றாலே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

ஆனாலும் பள்ளி விட்டு வந்ததும் புத்தகப் பையை வீசிவிட்டு நேராக அப்பாவின் அறைக்குத்தான் ஓடுவாள். மேசைக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஒரு முக்காலி உண்டு. அதில் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்வாள்.

அப்பாவின் விரல்கள் ஒவ்வொன்றும் வாழைப்பழம் போல இருக்கும். அந்த விரல்கள் ஊசி மாதிரியான பேனாவைப் பிடித்து மையில் தொடும். வெள்ளைத்தாளில் ஒரு கோடு விழும். அது மூக்கு. இன்னொரு கோடு. அது தாடை. அதுவரை தாளில் யாரும் இல்லை. பிறகு அப்பா கண்களை வரைவார். கறுப்பு விழியில் ஓர் இடத்தை மட்டும் மை படாமல் வெள்ளையாக விட்டுவிடுவார். அவ்வளவுதான், தாளிலிருந்து ஒரு பெண் இபுகியைத் திரும்பிப் பார்ப்பாள்.

எத்தனை முறை பார்த்தாலும் இபுகிக்கு அப்போது மூச்சு நின்றுவிடும்.

"வந்துட்டா," என்று மெதுவாகச் சொல்வாள்.

"வந்துட்டாளா? நல்லது," என்பார் அப்பா. பிறகு முணுமுணுவென்று ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டே அடுத்த கட்டத்துக்குப் போவார்.

அந்தப் பெண்ணின் பெயர் ரிட்சு. வகுப்பில் முதல் மாணவி. வில் வித்தையிலும் அவள்தான் முதல். அவள் தலைமுடியில் ஒரு முடிகூடக் கலைந்து இருக்காது. கதையின் பையன் டெப்பெய் அவளுக்கு நேர் எதிர். தினமும் தாமதமாக வருவான், வகுப்பில் தூங்குவான், அவன் தலையில் காக்கை கூடு கட்டலாம்.

முதல் அத்தியாயத்தில் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வகுப்புப் பொறுப்பு வருகிறது. ரிட்சு கரும்பலகையைத் துடைத்து முடிப்பதற்குள் டெப்பெய் துடைப்பானைத் தலைக்கு வைத்துத் தூங்கிவிடுகிறான். இரண்டாம் அத்தியாயத்தில் மழை. இருவருக்கும் ஒரே குடை. ரிட்சு குடையைத் தன் தலைக்கு மேல் அவ்வளவு நேராகப் பிடிக்கிறாள், பாவம், டெப்பெய் முழுக்க நனைந்துவிடுகிறான்.

மூன்றாம் அத்தியாயம் வாணவேடிக்கைத் திருவிழா. அதில்தான் வந்தது வினை.

அப்பாவின் கதையை வெளியிடும் வாரப் பத்திரிகையில் ஒரு வழக்கம் உண்டு. வாசகர்கள் தங்களுக்குப் பிடித்த கதை எது என்று அஞ்சலட்டையில் எழுதிப் போடுவார்கள். முதல் மூன்று அத்தியாயம் வாசகர்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் தொடரையே நிறுத்திவிடுவார்கள்.

அப்பாவின் போன தொடர் அப்படித்தான் நின்றுபோனது. அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவர் மீன் சந்தையில் பெட்டி தூக்கினார். அந்த ஒரு வருஷமும் வீட்டில் பாட்டுச் சத்தமே கேட்கவில்லை. மீன் வாசம்கூட இபுகிக்குப் பழகிவிட்டது, அந்த அமைதிதான் பழகவில்லை.

போன வாரம் பத்திரிகை ஆசிரியர் டோகுனாகா வந்திருந்தார். ஒல்லியான மனிதர். எப்போதும் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே பேசுவார்.

"குராடா சார், தப்பா நினைக்காதீங்க. ரிட்சு அழகாத்தான் இருக்கா. ஆனா அவகிட்ட உயிர் இல்லையே! எதுலயும் தப்பே பண்ணாத பொண்ணை எப்படி சார் நமக்குப் பிடிக்கும்? மூணாவது அத்தியாயத்துலயாவது ஏதாவது செய்யுங்க. இல்லேன்னா..."

அவர் முடிக்கவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அன்று மாலை முழுவதும் அப்பா பாடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூன்றாம் அத்தியாயம் முடிந்துவிட்டது. மை காய்வதற்காகப் பக்கங்களை எல்லாம் பாய் விரித்த அறையில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார்கள். சாயங்காலம் டோகுனாகா வந்து வாங்கிப்போவார்.

வெளியே சிள்வண்டுகள் காதைத் துளைத்தன. அப்பா சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். அவருடைய உதவியாளர் மினேகிஷி அக்கா சமையலறை வாசலில் உட்கார்ந்து சோற்று உருண்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பின்னணிக் கட்டடங்கள், மரங்கள், துணியின் பூப்போட்ட வடிவங்கள் எல்லாம் அவள் கைவேலை. பூப்போட்ட ஒட்டுத்தாளை மெல்லிய கத்தியால் வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் ரிட்சுவின் உடையில் ஒட்டியிருந்தாள். ஒட்டி ஒட்டி அவள் கண் சிவந்திருந்தது.

"இபுகி, பாக்குறதுன்னா பாரு. ஆனா மின்விசிறியை மட்டும் போட்டுடாதே. எல்லாம் பறந்துடும்," என்றாள் அவள்.

"சரிக்கா."

இபுகி முழங்காலிட்டுத் தவழ்ந்தபடியே பக்கம் பக்கமாகப் பார்த்தாள். முதல் பக்கத்தில் ரிட்சு கண்ணாடி முன்னால் நமக்கு முதுகைக் காட்டி நின்று, திருவிழாவுக்கு உடுத்தும் யுகாதா அங்கியை முன்னால் மடித்துக் கட்டிக்கொள்கிறாள். அடுத்த பக்கத்தில் கூட்டத்துக்குள் நடந்து வருகிறாள். எல்லாரும் அவளையே திரும்பிப் பார்க்கிறார்கள். இரண்டு பெண்கள் விசிறிக்குப் பின்னால் ஏதோ கிசுகிசுக்கிறார்கள். ஒரு சின்னப் பையன் அம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்க்கிறான்.

அதற்கடுத்த பக்கத்தில் டெப்பெய் வந்து, "நீ ரொம்ப அழகா இருக்கே," என்கிறான். பிறகு வாணவேடிக்கைப் பக்கம். இபுகி வாயைப் பிளந்தாள். வெறும் கறுப்பும் வெள்ளையும்தான். ஆனால் வானம் முழுக்க ஒளி கொட்டுகிறது! 'டமார்' என்ற சத்தம்கூட நெஞ்சில் இடிப்பது போலிருந்தது. அந்த ஒளியில் ரிட்சுவும் டெப்பெயும் ஐஸ் கிண்ணத்தோடு தலையை நிமிர்த்தி நிற்கிறார்கள்.

இபுகியின் பார்வை வானத்திலிருந்து ரிட்சுவின் கழுத்துக்கு இறங்கியது. அங்கேயே நின்றுவிட்டது.

அவள் தன் இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்து, யுகாதா கட்டுவது போல மாற்றி மாற்றி மடித்துப் பார்த்தாள். முந்தின பக்கத்தைப் பார்த்தாள். அதற்கு முந்தினதையும் பார்த்தாள். எல்லாவற்றிலும் அப்படித்தான் இருந்தது.

அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"அப்பா," என்றாள்.

"ம்ம்?"

"ரிட்சு செத்துட்டாளா?"

அப்பா கண்ணைத் திறந்தார். "என்னடி உளறுறே?"

"இல்லப்பா, வலது பக்கத் துணி மேல இருக்கு. இடது பக்கம்தானே மேல வரணும்? வலது மேல வந்தா அது செத்துப்போனவங்களுக்குக் கட்டுறதுன்னு அம்மா சொன்னாங்களே."

அப்பா எழுந்து வந்து குனிந்தார். ஒரு பக்கத்தைப் பார்த்தார். இன்னொரு பக்கத்தைப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் தொப்பென்று உட்கார்ந்தார். அலமாரியில் இருந்த கோப்பைகள் குலுங்கின. மினேகிஷி அக்காவின் கையிலிருந்த சோற்று உருண்டை மடியில் விழுந்தது.

"விளக்குப் பெட்டி," என்றார் அப்பா, மெலிந்த குரலில்.

முகம் கோணலாக வந்திருக்கிறதா என்று பார்க்க, அப்பா எப்போதும் தாளைத் திருப்பிப்போட்டு, கண்ணாடி மூடிய விளக்குப் பெட்டியின் மேல் வைத்துப் பார்ப்பார். முதன்முதலில் ரிட்சுவை யுகாதாவில் வரைந்தபோதும் அப்படித்தான் திருப்பினார். திருப்பியதில் முகம் இன்னும் அழகாகத் தெரிந்தது. அதையே நகல் எடுத்துச் சுவரில் ஒட்டினார். முகம் திரும்பினால் துணியும் திரும்பும் என்பதை மறந்துவிட்டார்! அந்த நகலைப் பார்த்துத்தான் எல்லாப் பக்கமும் வரைந்தார்கள்.

"நானாவது கவனிச்சிருக்கணுமே சார்! ஒவ்வொரு பூவா ஒட்டினேனே! பூவைத்தானே பாத்தேன், அவளைப் பாக்கலையே!" மினேகிஷி அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அழாதேம்மா. திருப்பிப் போட்டது நான். உன் மேல என்ன தப்பு?"

"உரிச்சுட்டு மறுபடி ஒட்டிடலாமா சார்?"

அப்பா இல்லையென்று தலையாட்டினார். "ஒட்டினதை உரிச்சா கீழே இருக்கிற மையும் சேர்ந்து வந்துடும். பாதிக்கு மேல புதுசா வரையணும். நேரம் எங்கே இருக்கு?"

"டோகுனாகா சார்கிட்ட ரெண்டு நாள் கேட்டுப் பாக்கலாமே?"

"அச்சகம் எனக்காக நிக்காது. இந்த வாரம் வராம போனா அவ்வளவுதான். இப்படியே அச்சடிச்சாலோ நாடே சிரிக்கும். காதல் கதையில பிணம் வந்து நிக்குதுன்னு!"

அப்பா தன் பெரிய கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். இபுகிக்கு மீன் சந்தை ஞாபகம் வந்தது. பாட்டில்லாத அந்த வீடு ஞாபகம் வந்தது.

அவளிடம் சொல்ல ஒன்று இருந்தது. ஆனால் அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவள் போன வாரம்தான் முடிவு செய்திருந்தாள். நினைத்தாலே காது சூடாகிற விஷயம் அது. ஒரு கணம் அப்பாவைப் பார்த்தாள். முதுகு குனிந்ததில் அவர் சின்ன ஆளாகத் தெரிந்தார். இபுகிக்கு அதைத் தாங்க முடியவில்லை.

"அப்பா, ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது."

"சிரிப்பா? இப்பவா?"

"அக்கா, நீங்களும்தான்."

மினேகிஷி அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள்.

"போன வாரம் கோயில் திருவிழாவுக்கு நான் தனியாத்தானே கிளம்பினேன். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில டூட்டி. நீங்க வரைஞ்சுட்டு இருந்தீங்க. நானே கண்ணாடி பாத்து யுகாதா கட்டிக்கிட்டேன். கண்ணாடியில சரியாத்தான் தெரிஞ்சுது."

"ஐயோ," என்றார் அப்பா.

"ஆமா. மாத்திக் கட்டிட்டேன். கோயில் வாசல்ல எல்லாரும் என்னையே திரும்பிப் பாத்தாங்க. நான் ரொம்ப அழகா இருக்கேன்னு நெனச்சு, தலையை நிமித்திக்கிட்டு, மெதுவா, ஸ்டைலா நடந்தேன்."

இதைச் சொல்லும்போது இபுகியின் காது சிவந்துவிட்டது. அப்பா சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் எங்க வகுப்பு கன்டா இருக்கான்ல, குறும்புக்காரன், அவன் வந்தான். அவன் என் மானத்தை வாங்கப்போறான்னு நெனச்சேன். ஆனா கிட்ட வந்து காதுல மட்டும் சொன்னான். 'இபுகி, நீ செத்தவங்க மாதிரி கட்டியிருக்கே'ன்னு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. நடுக் கூட்டத்துல எங்கே போய் மாத்துறது? வீட்டுக்கு ஓடிடலாம்னு திரும்பினேன்."

"அப்புறம்?"

"கன்டா 'இரு, இரு'ன்னான். ஐஸ் கடைக்குப் பின்னாடி ஓடினான். திரும்பி வந்தப்போ அவனும் அவனோட யுகாதாவை மாத்திக் கட்டியிருந்தான். 'இப்ப ரெண்டு பேரும் செத்தாச்சு. வா, ஐஸ் சாப்பிடலாம்'னான்."

அப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"சாப்பிட்டீங்களா?" என்று மினேகிஷி அக்கா கேட்டாள்.

"சாப்பிட்டோமே! நீலப் பாகு ஊத்தின ஐஸ், நாக்கே நீலமாயிடுச்சு. அதுக்கப்புறம் யார் பாத்தாலும் ரெண்டு பேரும் நாக்கை நீட்டி 'ஊஊ'ன்னு பயமுறுத்தினோம். எனக்கு வெக்கமே போயிடுச்சு. அந்தத் திருவிழாவுலயே அதுதான் ரொம்ப நல்லா இருந்துச்சு. அதான் அப்பா, ரிட்சுவும் கண்ணாடி பாத்துத்தானே கட்டினா? அவளும் தப்பாவே கட்டியிருக்கட்டுமே. டெப்பெய்க்குத் தெரிஞ்சா போதும்ல?"

அப்பா பக்கங்களைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடி முன்னால் முதுகைக் காட்டி நிற்கும் ரிட்சுவைப் பார்த்தார். பிறகு அவர் விரல் அடுத்த பக்கத்துக்குத் தாவியது.

"மினேகிஷி, இங்க பாரேன். இந்தப் பொண்ணுங்க கிசுகிசுக்கிறாங்க. எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. அவ அழகா இருக்கான்னு பாக்குறதாத்தான் நான் வரைஞ்சேன். ஆனா இப்ப பாரு!"

இபுகியும் பார்த்தாள். அவளுக்குப் புல்லரித்தது.

ஒரு கோடுகூட மாறவில்லை. அதே மை, அதே முகங்கள். ஆனால் கதை மாறிவிட்டது! அந்தப் பெண்கள் இப்போது யுகாதாவைப் பற்றித்தான் கிசுகிசுத்தார்கள். அம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்த பையன் வெட்கத்தில் ஒளியவில்லை, பேய் என்று பயந்து ஒளிந்திருந்தான். நடுவில் ரிட்சு ஒன்றும் தெரியாமல் தலையை நிமிர்த்தி, ஸ்டைலாக நடந்து வந்துகொண்டிருந்தாள். எதிலும் முதலான ரிட்சு! முதல் தடவையாக இபுகிக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. ஓடிப்போய் அவள் காதில் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"ஒரே ஒரு பக்கம் புதுசா போட்டா போதும்," அப்பா எழுந்துவிட்டார். "டெப்பெய் 'அழகா இருக்கே'ன்னு சொல்ற பக்கத்தை எடுத்துடு. அதுக்கு அப்புறம் வர்ற பக்கத்துல எல்லாம் டெப்பெய் யுகாதாவோட கழுத்தை மட்டும் மாத்தணும். அவன் உடை வெறும் கறுப்புதானே?"

"வெள்ளை மையில ஒரு கோடு இழுத்தா ஆச்சு சார்!" மினேகிஷி அக்கா மடியிலிருந்த சோற்றைத் தட்டிவிட்டு ஓடினாள். அழுத கண்ணைத் துடைக்கக்கூட அவளுக்கு நேரமில்லை.

இபுகி தன் முக்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

வெள்ளைத்தாள். பேனா மையைத் தொட்டது. ஒரு கோடு, இன்னொரு கோடு. டெப்பெய் ரிட்சுவின் காதுக்குப் பக்கத்தில் குனிகிறான். ரிட்சுவின் முகம் வந்தது. இத்தனை நாள் இபுகி பார்த்த முகம் இல்லை அது. கண்கள் வட்டமாக விரிந்திருந்தன, வாய் கோணியிருந்தது, ஒரு கொத்து முடி கலைந்து நெற்றியில் விழுந்திருந்தது. கடைசிக் கட்டத்தில் ஐஸ் கடைக்குப் பின்னாலிருந்து டெப்பெய் வருகிறான், யுகாதாவை மாற்றிக் கட்டிக்கொண்டு, காக்கைக் கூட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு.

"அவன் என்ன சொல்றான்?" பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்பா கேட்டார்.

"இப்ப ரெண்டு பேரும் செத்தாச்சு. வா, ஐஸ் சாப்பிடலாம்," என்றாள் இபுகி.

அப்பா எழுதினார். எழுதும்போதே முணுமுணுவென்று பாட ஆரம்பித்தார்.

மை காய்ந்தும் காயாமலும் இருக்கும்போது வாசல் மணி அடித்தது. டோகுனாகா வந்துவிட்டார். பார்லித் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் பக்கங்களைக் கையில் எடுத்தார். இரண்டாம் பக்கத்திலேயே அவர் புருவம் நெரிந்தது. கைக்குட்டை நெற்றிக்குப் போனது.

"குராடா சார், இந்த யுகாதா..."

"மேல படிங்க," என்றார் அப்பா.

டோகுனாகா படித்தார். புதுப் பக்கம் வந்தது. அவர் கை அப்படியே நின்றது. தோள் குலுங்க ஆரம்பித்தது. பிறகு அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த ஒல்லி உடம்புக்குள் இவ்வளவு பெரிய சிரிப்பு எங்கே இருந்தது என்று இபுகிக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ரிட்சுகிட்ட உயிர் இல்லைன்னுதானே சார் சொன்னேன்! அதுக்காகப் பிணமாவே ஆக்கிட்டீங்களா?" கைக்குட்டை இப்போது கண்ணைத் துடைத்தது. "ஆனா பாருங்க, இப்பத்தான் சார் அவளுக்கு உயிரே வந்திருக்கு!"

கடைசியாக வாணவேடிக்கைப் பக்கத்தை அவர் நெடுநேரம் பார்த்தார். ஒளி கொட்டும் வானத்துக்குக் கீழே இரண்டு பேய்கள் ஐஸ் கிண்ணத்தோடு நின்றன.

"இது எப்படி சார் தோணுச்சு?"

அப்பா இபுகியைப் பார்த்தார். இபுகி வேகமாகத் தலையை இடமும் வலமும் ஆட்டினாள். அப்பா தாடியைத் தடவிக்கொண்டார். "எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேய்ங்க சொல்லிச்சு," என்றார்.

கோடை விடுமுறை ஆரம்பித்தது. அந்தப் பத்திரிகையும் கடைக்கு வந்தது. கொஞ்ச நாளில் டோகுனாகா தொலைபேசியில் கூப்பிட்டார். அஞ்சலட்டைகள் குவிகின்றனவாம். எல்லாரும் பேய் ரிட்சுவைக் கேட்கிறார்களாம். தொடர் நிற்காது! அப்பா மகிழ்ச்சியில் இபுகியைத் தூக்கிச் சுற்றியதில் அவள் கால் பட்டு விளக்கு ஒன்று உடைந்தது. அம்மா இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினாள்.

மறுநாள் காலை பூங்காவில், விடுமுறையில் பிள்ளைகள் சேர்ந்து செய்யும் உடற்பயிற்சி முடிந்ததும், கன்டா அவளிடம் வந்தான். அவன் கக்கத்தில் அந்தப் பத்திரிகை இருந்தது. இபுகியின் காது மறுபடி சூடானது.

"இதுல வர்ற டெப்பெய்," என்றான் கன்டா, காலால் மண்ணைக் கிளறிக்கொண்டே, "சரியான லூசு இல்ல?"

"ஆமா. சரியான லூசு," என்றாள் இபுகி. "ஆனா எனக்கு அவனைப் பிடிக்கும்."

கன்டாவின் காதும் சிவந்ததா என்று தெரியவில்லை. அவன் சட்டென்று வானத்தைப் பார்த்தான். "சரி, அப்புறம் என்ன ஆகும்? ரெண்டு பேரும் என்ன பண்ணுவாங்க?"

"அப்பாகிட்ட கேட்டேன். அவருக்கே தெரியாதாம்."

"வரையுறவருக்கே தெரியாதா!" கன்டா வாயைப் பிளந்தான். "அப்ப யாருக்குத்தான் தெரியும்?"

யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு நடந்து வரும்போது இபுகி அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். இந்த உலகத்தில் யாருக்குமே இன்னும் தெரியாது! அப்பாவின் மேசையில் ஒரு வெள்ளைத்தாள் காத்திருக்கும். ரிட்சுவும் டெப்பெயும் அதற்குள் எங்கோ இருக்கிறார்கள்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. அவள் கதவை மெதுவாகத் தள்ளி, பூனை மாதிரி நடந்துபோய், தன் முக்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.